டிஜிட்டல் ஊடகக் கலைப் பணிகளிலிருந்து பாடம் எடுப்பது எப்படி: ஒரு மாணவரின் முழுமையான வழிகாட்டி

பருவ இறுதியில் படைப்பைச் சமர்ப்பித்த கையோடு, அதிலிருந்து என்ன கற்றோம் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும். நான் எழுதிய முதல் மீள்பார்வைக் கட்டுரையில், நேரத்தைத் திட்டமிடுவதன் அவசியத்தை உணர்ந்தேன், மென்பொருளை நன்கு பழகிக்கொண்டேன், குழுவாக இயங்கக் கற்றேன் என்று மூன்று பத்திகள் இருந்தன. மூன்றிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையைச் சுவரொட்டி வரைந்த மாணவரும் வைத்துக்கொள்ளலாம், குறும்படம் எடுத்த மாணவரும் வைத்துக்கொள்ளலாம். என் படைப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த பருவத்தில் அதே பிழைகளை நான் திரும்பச் செய்தபோதுதான், அந்த இரண்டு பக்கங்களால் எனக்கு எந்தப் பயனும் விளையவில்லை என்பது உறைத்தது.

அதன் பிறகு ஒரு சுவரொட்டி வரிசை, பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துக் கோக்கும் ஒரு ஸ்டாப் மோஷன் குறும்படம், நிரல் எழுதி உருவாக்கிய ஓவியங்கள், பார்வையாளரின் அசைவுக்கு ஏற்ப மாறும், ஓர் அறையில் அமைத்துக் காட்டும் ஒரு நிறுவல் என நான்கு பணிகளை முடித்திருக்கிறேன். அவற்றின் வழியே நான் வந்து சேர்ந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இந்த முறை முழுவதும் ஒரே கருத்தின் மேல் நிற்கிறது: பாடம் என்பது முடிந்த படைப்பை ஒட்டுமொத்தமாகப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் கிடைப்பதன்று, வேலையின் போக்கில் நாம் எடுத்த ஒவ்வொரு சிறு தீர்மானத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்க்கும்போதுதான் கிடைக்கிறது.

முதல் படி: வேலை நடக்கும்போதே பதிவு செய்யுங்கள்

தொழில்முறைச் சிந்தனை குறித்து ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல், செயலின் நடுவே நிகழும் சிந்தனை என்றும் செயல் முடிந்தபின் அதைப் பற்றி நிகழும் சிந்தனை என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். மாணவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே செய்கிறோம். முதலாவதற்கான தடயம் எதையும் விட்டுவைக்காததால், இரண்டாவதும் வெறும் நினைவை நம்பியே நடக்கிறது. நினைவோ வசதியான சாட்சி. குழப்பமான மூன்று வாரங்களை நேர்க்கோட்டில் அடுக்கி, நாம் முதலிலிருந்தே தெளிவாக இருந்ததாகச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி நான்கு வரிகள் எழுதினால் போதும்: இன்று எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்ன விளைவை எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது. அதனுடன் திரையின் படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் தொடங்கினால், அவை தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். எந்த நாளில் படைப்பு திசை மாறியது என்பதைப் பின்னர் கோப்புறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பழைய வடிவத்தின் மேலேயே சேமித்துக்கொண்டு போனால் இந்த வாய்ப்பு அறவே இல்லாமல் போகும்.

பதிவின் அருமையை நான் உணர்ந்தது ஓவிய நிரல் ஒன்றில்தான். ஒன்றையொன்று தொடாத வட்டங்களால் திரையை நிரப்பும் நிரல் அது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வட்டங்களின் இடமும் அளவும் வேறாக அமையும். ஓர் இரவு, இடது ஓரத்தில் சிறு வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலப்புறம் ஒரே ஒரு பெரிய வட்டமும் அதைச் சுற்றி ஒரு வெற்றிடமுமாக ஓர் ஓவியம் வந்தது. நான் கையால் வரைந்திருந்தால் அந்த வெற்றிடத்தை விட்டிருக்கவே மாட்டேன். பின்னணி நிறத்தைச் சற்று மங்கலாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எண்ணி, ஓர் எண்ணை மாற்றி நிரலை மீண்டும் இயக்கினேன். நிறம் நான் நினைத்தபடியே வந்தது, ஓவியம் வேறாகிவிட்டது. பிறகு எத்தனையோ முறை இயக்கியும் அந்த அமைப்பு திரும்ப வரவில்லை.

கணினி தரும் தற்செயல் எண்கள் பொதுவாக ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தொடக்க எண்ணை விதை என்கிறார்கள். அதே நிரலுக்கு அதே விதையைக் கொடுத்தால் அதே எண் வரிசை மீண்டும் கிடைக்கும். ஓவியம் வரையும் நிரல்களை எழுத உதவும் கருவிகளான, கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய புராசஸிங்கிலும், லாரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கிய பி5.ஜேஎஸ்ஸிலும் இதற்கென்று ஒரு கட்டளையே இருக்கிறது. இப்போது என் நிரல்கள் ஒவ்வொரு ஓவியத்தையும் அதன் விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துச் சேமிக்கின்றன. நிரல் எழுதாதவர்களுக்கும் இதே வகை விதைகள் உண்டு: தூரிகையின் அமைப்பு, வடிகட்டியில் தந்த அளவுகள், கேமராவின் ஷட்டர் வேகம், படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்த கட்டளை வாசகம், இணையத்தில் எடுத்த ஒலித்துண்டின் உரிம விவரம். இவற்றை எடுத்த அன்றே குறித்து வைக்காவிட்டால் பின்னர் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: இடைவெளி விட்டு, வேறு கண்ணோடு பாருங்கள்

சமர்ப்பித்த மறுநாளே மீள்பார்வை எழுதினால் களைப்பு எழுதும். மதிப்பெண் வந்த அன்று எழுதினால் மதிப்பெண் எழுதும். ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு, படைப்பைச் செய்த திரையில் அல்லாமல் வேறொரு திரையில் பாருங்கள். ஓவியத்தை இடவலமாகத் திருப்பியும் கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். பல நாள் பழக்கத்தில் கண்ணுக்குத் தப்பிய சாய்வும், நிறத்தின் பகட்டில் மறைந்திருந்த ஒளி நிழல் குழப்பமும் வெளிப்படும். காணொளியை ஒரு முறை ஒலியின்றிப் பாருங்கள், ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மூன்றாம் படி: தீர்மானங்களைப் பட்டியலிடுங்கள், எடுக்காமல் விட்டவற்றையும் சேர்த்து

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நீங்கள் எடுத்த தீர்மானம், இரண்டாவதில் அப்போது உங்கள் முன் இருந்த வேறு வழிகள், மூன்றாவதில் அந்தத் தீர்மானத்தின் விளைவைக் காட்டும் சான்று. சான்று என்பது படைப்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடமாக இருக்க வேண்டும்: இந்த ஃபிரேம் (காணொளியின் ஒரு தனிப்படம்), இந்த மூலை, இந்த நொடி.

எழுதத் தொடங்கினால் இரண்டாவது பத்தி பல இடங்களில் காலியாக நிற்பதைக் காண்பீர்கள். வேறு வழி இருந்தது என்பதே தெரியாமல் எடுத்த தீர்மானங்கள் அவை. சரியாகச் சொன்னால், நமக்காக மென்பொருளோ கேமராவோ எடுத்துவிட்ட தீர்மானங்கள். என் சுவரொட்டி வரிசையை ஏ3 அளவில் அச்சிட எண்ணியிருந்தேன். புதிய கோப்பைத் திறந்தபோது திரையில் வந்த அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டேன். கோப்பு 842க்கு 1191 பிக்சல் என்று அமைந்தது. அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற கணக்கில் அது ஏ3தான். ஆனால் கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில் கூர்மையாகத் தெரிய வழக்கமாகக் கேட்கப்படும் 300 பிக்சல் கணக்கில், ஏ3 தாளுக்கு 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். அச்சாகி வந்த தாளில் எழுத்துகளின் வளைவுகள் படிக்கட்டுகளாகத் தெரிந்தன.

நிறத்திலும் இதே கதை. திரையில் மின்னிய ஊதா கலந்த நீலம், தாளில் சாம்பல் படிந்ததுபோல் மங்கி வந்தது. அச்சில்தான் கோளாறு என்று முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மையோ தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு நிறம் காட்டுகிறது. திரை காட்டக்கூடிய பளீரென்ற நீலங்கள் பலவற்றை வழக்கமான நான்கு மைகளால் எட்டவே முடியாது. ஆகவே கோளாறு அச்சில் இல்லை. இந்தப் படைப்பு கடைசியில் எங்கே பார்க்கப்படப்போகிறது என்ற கேள்வியை நான் தொடக்கத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டியலில் அதைத் தீர்மானமாக எழுதிய பிறகே, பழி போட்டுத் தப்பிக்கும் பழக்கம் எனக்கு விட்டது.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், சில வடிவமைப்பு மென்பொருள்களில் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; காணொளித் தலைப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி அசைவூட்டினால் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே பிரிந்து வருவதும் உண்டு. வேகமாக ஓடும் காட்சியில் நம் கண் அதைச் சரியாகவே படித்துக்கொண்டு போய்விடும். எனவே நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஸ்டாப் மோஷன் படத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. காகிதப் பறவை ஒன்று சிறகு விரித்துப் பறக்கும் 40 நொடிப் படம். நொடிக்கு 12 படங்கள் வீதம் 480 படங்கள் எடுத்தேன். ஜன்னலோரத்தில் வைத்து எடுத்தால் ஒளி இயற்கையாக இருக்கும் என்பது நான் அறிந்தே எடுத்த தீர்மானம். வெண்சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஒளி அளவையும் தானியங்கியில் விட்டது நான் அறியாமல் எடுத்த தீர்மானம். மேகம் கடக்கும்போதெல்லாம் கேமரா தன் அளவுகளை மாற்றிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தபோது, பறவையின் வெள்ளைச் சிறகு ஒரு ஃபிரேமில் நீலமாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் துடித்தது. இரண்டு தீர்மானங்களையும் பிரித்து எழுதியதால்தான், கேமராவை முழுக்கக் கைமுறை அமைப்பில் வைத்திருந்தாலும் ஜன்னல் ஒளியின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்திருக்கும் என்பது புரிந்தது. அடுத்த முறை ஜன்னலை மறைத்து, நிலையான இரண்டு விளக்குகளில் எடுத்தேன். ஒரே பிழை என்று தோன்றுவது இரண்டு தீர்மானங்களின் கூட்டாக இருப்பது மிகச் சாதாரணம்.

நான்காம் படி: பார்வையாளரைப் பாருங்கள், பேசாமல்

படைப்பைப் பற்றி நண்பர்களிடம் கேட்டால், நன்றாக இருக்கிறது என்பார்கள். அது அன்பு, சான்றாகாது. படைப்பின் அருகே ஒதுங்கி நின்று, விளக்கம் எதுவும் சொல்லாமல், வருபவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் நின்றார், முதலில் எதைப் பார்த்தார், எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார், எங்கே திரும்பிப் போனார் என்பவை எந்தப் பாராட்டையும் விடத் தெளிவாகப் பேசும்.

என் நிறுவலில், ப்ரொஜெக்டரால் சுவரில் வீழ்த்தப்பட்ட கருநிறப் பரப்பில் ஒளிப்புள்ளிகள் மிதக்கும். எதிரே நிற்பவர் அசைந்தால் அவை அசைவின் பக்கம் திரண்டு வரும். கேமராவில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தையதோடு ஒப்பிட்டு, எந்தப் பிக்சல்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறியிருக்கின்றன என்று பார்ப்பதே அதன் அடிப்படை. காட்சி நாளில் நான் குறித்த முதல் ஏழு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். கலைக்கூடத்தில் ஒரு படத்தைப் பார்க்கும் மரியாதையோடு அவர்கள் பார்த்தார்கள். அசையாததால் புள்ளிகளும் அவர்கள் பக்கம் திரண்டு வரவில்லை. எட்டாவதாக வந்த சிறுமி சுவரை ஒட்டி ஓடினாள். அவளுக்குப் பின்னால் புள்ளிகள் கூட்டமாகப் பாய்ந்தபோதுதான் மற்றவர்கள் கைகளை அவிழ்த்தார்கள். பத்தடிக்கு முன்பே, பார்வையாளர் நடந்து வரும்போதே புள்ளிகள் அவரைக் கவனிக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற பாடத்தை எந்தக் கருத்துப் படிவமும் எனக்குத் தந்திருக்காது.

பார்வையாளரின் உடல்நலத்தையும் இந்தப் படியிலேயே எண்ணிப் பாருங்கள். ஒளி விட்டு விட்டு மின்னும் காட்சிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். எந்த ஒரு நொடியிலும் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்பது இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களில் உள்ள வரையறை. காணொளிக் கலையிலும் அதைப் பின்பற்றுவதே நம் பொறுப்பு.

ஐந்தாம் படி: காரணத்தை, நம் கைக்கு எட்டும் இடம் வரை தோண்டுங்கள்

அதே நிறுவலில் வேறு இரண்டு குறைகளும் இருந்தன. கருநிறப் பரப்பு சாம்பலாக வெளிறியிருந்தது; பல நேரங்களில் யாரும் அசையாமலேயே புள்ளிகள் நடுங்கின. அறையில் வெளிச்சம் அதிகம், சென்சார் சரியில்லை என்று எழுதி முடித்திருக்கலாம். ஏன் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது வேறு விடைகள் வந்தன. ப்ரொஜெக்டரால் கருப்பு நிறத்தைச் சுவரில் வீழ்த்த முடியாது. ஒளியைத் தராமல் இருக்க மட்டுமே முடியும். அந்த இடத்தில் நமக்குத் தெரியும் கருப்பு, அறையின் மிச்ச வெளிச்சத்தில் சுவர் காட்டும் நிறத்தைவிட ஒருபோதும் இருண்டிராது. நான் சோதித்ததோ இரவில், விளக்கணைத்த அறையில். நடுக்கத்துக்கும் காரணம் கிடைத்தது: சுவரிலிருந்து பட்டுத் திரும்பிய ப்ரொஜெக்டர் ஒளி பார்வையாளரின் வெளிர்நிறச் சட்டையில் விழ, கேமரா அதையும் அசைவு என்று எடுத்துக்கொண்டது; அந்த அசைவுக்குப் புள்ளிகள் நகர, ஒளி மீண்டும் மாற, சுழல் தொடர்ந்தது. சோதனை நாட்களில் கேமராவின் முன் நின்றது நான் மட்டுமே, எப்போதும் கருப்புச் சட்டையில். அகச்சிவப்பு விளக்கும், காணும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய அகச்சிவப்புக் கேமராவும் இருந்தால் இந்தச் சுழல் அறுபட்டுவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு குறைகளும் ஒரே வேரில் போய் முடிந்ததைக் கவனியுங்கள். காட்சி நடக்கும் இடத்தில், காட்சி நடக்கும் நேரத்தில், என்னைத் தவிர வேறு ஆட்களை வைத்து நான் ஒரு முறையும் சோதிக்கவில்லை. நான் செய்யாமல் விட்ட ஒன்று, இனி என்னால் செய்யக்கூடிய ஒன்று என்ற விடை வரும்வரை கேள்வியை நிறுத்தக் கூடாது. அங்கே வந்தபின் மேலும் தோண்டி, நான் சோம்பேறி, எனக்குத் திறமை இல்லை என்று போவதும் கூடாது. அது காரணம் ஆகாது, தன்னைத் தண்டித்துக்கொள்வது மட்டுமே. நன்றாக அமைந்தவற்றுக்கும் இதே முறையில் காரணம் தேடுங்கள். எதனால் அமைந்தது என்று தெரியாத வெற்றியைத் திரும்பச் செய்ய முடியாது.

ஆறாம் படி: எழுதுங்கள்

கிரகாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்த மீள்பார்வைச் சுழற்சியில் ஆறு கட்டங்கள் உண்டு: நடந்ததை விவரித்தல், உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல்திட்டம். கட்டாயமாக ஆறையும் தலைப்புகளாக்க வேண்டியதில்லை என்றாலும், உணர்வு என்ற கட்டத்தைத் தவிர்க்காதீர்கள் என்பேன். ஒரு பகுதி வெறுப்பூட்டியதால் அதைக் கடைசி இரவுக்குத் தள்ளியிருப்போம். படத்தில் சேர்த்த ஓர் அடுக்கின் (லேயர்) மேல் இருந்த பற்றால் அதை நீக்க மனமின்றிப் படத்தைக் கெடுத்திருப்போம். உணர்வும் தீர்மானத்தின் காரணங்களில் ஒன்று.

ஒவ்வொரு பாடத்தையும் எழுதி முடித்ததும், அதை வேறொருவரின் படைப்புக்கு ஒட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இன்னும் பொதுவாக இருக்கிறது என்று பொருள். ‘ஒளியமைப்பின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்’ என்பது எவருக்கும் பொருந்தும். ‘ஜன்னல் ஒளியும் தானியங்கி வெண்சமநிலையும் சேர்ந்ததால் பறவையின் சிறகு நிறம் மாறித் துடித்தது, ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் துடிப்பு குறைந்திருக்குமே தவிர நின்றிருக்காது, அடுத்த படத்தை மூடிய அறையில் இரண்டு நிலையான விளக்குகளோடும் கைமுறை அமைப்போடும் எடுப்பேன்’ என்பது என் படைப்பை விட்டு நகராது. குழுப்பணியாக இருந்தால், எந்தத் தீர்மானம் உங்களுடையது, எது மற்றவருடையது என்பதையும் நேர்மையாகப் பிரித்து எழுதுங்கள். ஒருவர் மற்றவரின் தீர்மானத்துக்கு மறுப்புச் சொல்லாமல் இருந்ததும் பட்டியலில் வர வேண்டியதே.

ஏழாம் படி: இரண்டே இரண்டு பாடங்களை அடுத்த பணிக்கு எடுத்துச் செல்லுங்கள்

பட்டியலில் இருபது இருக்கலாம். இருபதையும் ஒரே சமயத்தில் திருத்தப் புகுந்தால், அடுத்த படைப்பு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த வேரா மோல்னார், 1968இல் கணினியை எடுத்துக்கொள்வதற்கு முன்பே, தாமே வகுத்த விதிகளை ஓர் இயந்திரம் பின்பற்றுவதுபோல் கையால் பின்பற்றி வரைந்தவர். கணினிக்கு வந்த பிறகு, ஒழுங்கான சதுரங்களை எடுத்து, அவற்றில் சிறிதளவு ஒழுங்கின்மையைக் கலந்து, அந்த மாற்றம் கண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை வரிசை வரிசையாகச் சோதித்தார். ஒரு மாணவரின் மீள்பார்வைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை: மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

தேர்ந்தெடுத்த பாடத்தை அறிவுரையாக வைக்காமல், நாள் குறித்த செயலாக மாற்றுங்கள். ‘சீக்கிரம் சோதிக்க வேண்டும்’ என்பதற்குப் பதிலாக, ‘காட்சிக்கு 14 நாள் முன்பு, பகல் பதினொரு மணிக்கு, அதே அறையில், மூன்று பேருடன்’ என்று எழுதுங்கள். இப்போது நான், புதிய கோப்பைத் திறக்கும் முன், படைப்பு எங்கே பார்க்கப்படும், எந்த அளவு, எந்த நிற அமைப்பு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டே தொடங்குகிறேன்.

எட்டாம் படி: படைப்பையும் பதிவையும் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்

டிஜிட்டல் படைப்பு, அதை ஓட்டும் மென்பொருள் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். உலாவிகளில் அசைவுப் படங்களை ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டபோது, அதில் உருவான எண்ணற்ற அசைவுப் படங்களும் ஊடாடும் படைப்புகளும் உலாவிகளில் நேரடியாக இயங்காமல் போயின. ஆகவே மூலக் கோப்போடு நின்றுவிடாமல், படைப்பு இயங்குவதைக் காணொளியாகவும் பிடித்து வையுங்கள். நிறுவல் என்றால், ஆட்கள் அதன் முன் நடமாடுவதோடு சேர்த்து எடுங்கள். மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத்துருக்களின் பெயர்களையும் கருவிகளை இணைத்த முறையையும் சாதாரண உரைக்கோப்பில் எழுதுங்கள். அந்த வடிவத்தை எந்தக் கணினியும் திறக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்ற வழக்கமான விதி மாணவருக்கும் போதுமானது.

எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் சேர்த்தபின், அதை அப்படியே வேறொருவரின் கணினியில் திறக்கச் சொல்லி அருகில் அமர்ந்து பாருங்கள். இணைப்பு அறுந்த படமும், மாற்று எழுத்துருவில் விழுந்த தலைப்பும், என் மேசைக் கணினியில் மட்டுமே இருந்த ஒலிக்கோப்பும் அப்போதுதான் தெரியவந்தன. அவற்றைச் சேர்த்துவிட்டு, நாட்குறிப்பையும் தீர்மானப் பட்டியலையும் அதே கோப்புறையில் வைத்து மூடினேன்.